எஸ்.யூ.வி. எஞ்சினும் கியர்பாக்ஸும் தொல்லை தந்தால்: புகாரை எழுத்தில் நிலைநிறுத்தும் முறை

சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கித் தொப்பூர் கணவாயில் ஏறும்போது வண்டி திடீரென இழுவையை இழந்தது. மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்தது. மேலே வந்து அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. எஸ்.யூ.வி. உரிமையாளர்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகும் புகார்களில் பல ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன. அங்கே வண்டியைச் சமதளச் சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, குறை எதுவும் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஏற்றத்தில், ஐந்து பேரின் எடையோடு, ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு வெளிப்படும் கோளாறு, காலி வண்டியைச் சமதளத்தில் ஓட்டும்போது வெளிப்படுவதில்லை. ஆகவே, கோளாறு எப்போது, எங்கே, எந்த நிலையில் வருகிறது என்பதை எழுத்தில் காட்டும் வேலை உரிமையாளரிடமே வந்து சேர்கிறது. அதைச் செய்தவருக்கு வாரண்டியும் சட்டமும் துணை நிற்கும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பியவரிடம் ஆறு மாதம் கழித்துக் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் சாலைகளில் ஓடும் வண்டிகளை மனத்தில் வைத்து, அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

இயல்பு எது, கோளாறு எது

"இந்த மாடல் அப்படித்தான் சார் இருக்கும்" என்பது சர்வீஸ் சென்டர்களில் அடிக்கடி கேட்கும் பதில். சில நேரங்களில் அது சரியான பதிலும்கூட. அதனால் புகார் கொடுப்பதற்கு முன், உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை கியர்பாக்ஸ் என்பதைக் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் நான்கு வகைகள் இருக்கின்றன. ஒன்றில் இயல்பாக இருப்பது இன்னொன்றில் பழுதின் அறிகுறி.

ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் இயந்திரமே இயக்கும் ஏற்பாடு. கியர் மாறும்போது ஒரு கணம் இழுவை விட்டுப்போவதும் தலை லேசாக முன்னே சாய்வதும் அதன் இயல்பு. ஆனால் ஓடும்போது தானாக நியூட்ரலுக்குப் போய்விடுவது இயல்பு அல்ல. டார்க் கன்வெர்ட்டர் வகையில் ஆயிலின் வழியாகவே விசை கடத்தப்படுவதால் கியர் மாறுவது பெரும்பாலும் தெரியவே கூடாது. அதில் ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது ‘தட்’ என்று இடித்தாலோ, கியர் மாறும் நேரத்தில் வேகம் கூடாமல் எஞ்சின் சுழற்சி மட்டும் எகிறினாலோ, சீரான வேகத்தில் போகும்போது வேகத்தடைக் கோடுகள்மேல் ஏறிப் போவதுபோன்ற நடுக்கம் வந்தாலோ, அதைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். சி.வி.டி.யில் படிநிலைக் கியர்களே இல்லை. முடுக்கினால் எஞ்சின் சத்தம் முதலில் உயர்ந்து, வேகம் பின்னால் வருவது அதன் இயல்பு. புறப்படும்போது உதறுவதும், நாளாக நாளாக ஊளைச் சத்தம் வளர்வதும் இயல்பு அல்ல.

இரட்டைக் கிளட்ச் கொண்ட டி.சி.டி. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பகுதியில் அது எளிதில் சோதனைக்கு உள்ளாகிறது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக பெங்களூரு போகும் சாலையில் காலையும் மாலையும் வண்டிகள் ஊர்ந்துதான் நகர்கின்றன. உலர் கிளட்ச் உள்ள டி.சி.டி.யில் இப்படி ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி நழுவியும் இயங்கி விரைவில் சூடேறுகிறது. ஆயிலில் மூழ்கிய ஈரக் கிளட்ச் இந்தச் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். சரிவில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் இருந்தால், சூடு ஓட்டுநரால் வந்தது என்று சர்வீஸ் சென்டர் சொல்லும். அந்தச் சொல் நிற்கவும் செய்யும். முதலில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதன் பிறகும் மிதமான நெரிசலில் கியர்பாக்ஸ் வெப்ப எச்சரிக்கை மறுபடி மறுபடி வருமானால், உங்கள் புகாருக்கு உறுதியான அடித்தளம் கிடைத்துவிட்டது.

கியர்பாக்ஸ் கோளாறு என்றால் பல்சக்கரமோ கிளட்சோதான் என்று எண்ணிவிடவும் கூடாது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் கியா நிறுவனம் 4,358 செல்டோஸ் வண்டிகளையும், ஹூண்டாய் நிறுவனம் கிரெட்டா, வெர்னா இரண்டிலுமாக 7,698 வண்டிகளையும் சரிபார்ப்பதற்காகத் திரும்ப அழைத்தன. அவை 2023ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் தயாரான 1.5 லிட்டர் பெட்ரோல் சி.வி.டி. வகை வண்டிகள். காரணம், கியர்பாக்ஸின் மின்னணு ஆயில் பம்பைக் கட்டுப்படுத்தும் பகுதியில் இருக்கக்கூடும் என்று கருதப்பட்ட குறை. அத்தகைய குறையை வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்கேனரும் நீங்கள் எழுதிவைத்த குறிப்பும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகை மாசு விதிகளால் டீசல் எஸ்.யூ.வி.களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி பொருத்தப்படுகிறது. அதில் சேரும் கரியை எரிப்பதற்கு எஞ்சின் அவ்வப்போது கூடுதல் டீசலைச் செலுத்தி, புகைப்பாதையின் வெப்பத்தை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர்த்துகிறது. பாலக்கோட்டிலோ போச்சம்பள்ளியிலோ வீட்டிலிருந்து தோட்டத்துக்கும், தோட்டத்திலிருந்து மண்டிக்கும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் இந்த எரிப்பு முடிவதற்குள் எஞ்சின் அணைக்கப்படுகிறது. அப்போது எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக மேல்கோட்டைத் தாண்டி உயர்ந்திருந்தால், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைத் தேய்க்கும். அப்படிக் குறுகிய தூரம் ஓடும் வண்டியை வாரம் ஒருமுறையாவது காவேரிப்பட்டினம் – காரிமங்கலம் போன்ற நெடுஞ்சாலைப் பகுதியில், கையேட்டில் சொன்ன வேகத்தில், பதினைந்து இருபது நிமிடம் சீராக ஓட்டுங்கள். நெடுஞ்சாலையிலேயே அதிகம் ஓடும் வண்டியில் டி.பி.எஃப். விளக்கு அடிக்கடி எரிகிறது என்றால் கதை வேறு. அங்கே வடிகட்டி அடைபடுவது விளைவு மட்டும்தான். காரணம் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலோ, புகையின் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்கே திருப்பும் இ.ஜி.ஆர். வால்விலோ, அழுத்த சென்சாரிலோ இருக்கக்கூடும். வடிகட்டியைச் சுத்தம் செய்து அனுப்பிவிட்டால் போதாது என்று நீங்கள் வலியுறுத்த வேண்டிய இடம் அதுவே.

எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்ற புகாருக்கு அளந்து காட்டுவதே ஒரே வழி. ஆயிலைச் சரியான அளவுக்கு நிரப்பி, மூடியிலும் டிப்ஸ்டிக்கிலும் ஆயில் வடிக்கும் போல்ட்டிலும் அடையாளமிட்டு, குறிப்பிட்ட தூரம் ஓட்டிய பின் மறுபடி அளக்கும் சோதனையைச் செய்யும்படி சர்வீஸ் சென்டரை எழுத்தில் கேளுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறையலாம் என்ற வரம்பு பல வண்டிகளின் கையேட்டிலேயே இருக்கும். கூலன்ட் எங்கும் ஒழுகாமல் குறைந்துகொண்டே வந்தால் அதையும் இதே கவனத்தோடு பாருங்கள்.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது

வண்டியின் கைப்பெட்டியில் ஒரு சிறிய நோட்டு இருக்கட்டும். கோளாறு வந்த ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், ஓடோமீட்டர் அளவு, இடம், வேகம், எந்த கியர், எஞ்சின் சுழற்சி, வெப்பமானி எங்கே நின்றது, வண்டியில் எத்தனை பேர், ஏ.சி. ஓடியதா, ஸ்டார்ட் செய்து எவ்வளவு நேரம் ஆனது, எப்படிச் சரியானது என்பவற்றை எழுதுங்கள். "பிக்கப் இல்லை" என்று எழுதுவது போதாது. "சூளகிரி தாண்டி ஓசூர் நோக்கிய ஏற்றம், ஐந்து பேர், ஏ.சி. ஓடியது; ஸ்டார்ட் செய்து ஐம்பது நிமிடம்; நான்காவது கியர்; ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியும் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை; எஞ்சின் விளக்கு எரிந்தது; அணைத்து இரண்டு நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தபின் சரியானது" என்று எழுதினால், அனுபவமுள்ள ஒரு மெக்கானிக், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் காற்றழுத்தமோ, எரிபொருள் அழுத்தமோ என்று உடனே தேடத் தொடங்குவார். நீங்கள் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததைச் சொன்னால் போதும். டர்போ போய்விட்டது என்று நீங்களே எழுதிக்கொடுத்தால், டர்போவை மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு.

இந்தக் குறிப்புகளுக்குச் சான்றாக நீங்கள் தனியாகத் தேட வேண்டாத ஒன்று உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 44இல் போகும் வண்டிக்குக் கிருஷ்ணகிரிச் சுங்கச்சாவடியிலும் தொப்பூர்ப் பக்கம் பாளையம் சுங்கச்சாவடியிலும் ஃபாஸ்டேக் கட்டணம் பிடிக்கப்பட்ட தேதியும் நேரமும் குறுஞ்செய்தியாக வருகின்றன. அவற்றை அழிக்காதீர்கள். அன்றைக்கு அந்த நேரத்தில் வண்டி அந்தச் சாலையில் இருந்தது என்பதற்கு அதைவிட நடுநிலையான சாட்சி கிடையாது.

காணொளி எடுப்பதென்றால் உடன் வருபவர் எடுக்கட்டும். ஓட்டுபவர் எடுக்கக் கூடாது. ஓடோமீட்டர், எச்சரிக்கை விளக்கு, சுழற்சிமானி மூன்றும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கேட்கும் சத்தத்துக்கு, பானெட்டைத் திறந்து வைத்து, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பிருந்தே பதிவைத் தொடங்குங்கள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, எஞ்சின் கணினி பதிவு செய்த கோளாறுகளைப் படிப்பதற்காக உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் பொருத்தும் சிறிய ஸ்கேனர்கள் இப்போது குறைந்த விலையிலேயே கிடைக்கின்றன. அவை காட்டும் குறியீடுகளில் சில எல்லா நிறுவன வண்டிகளுக்கும் பொதுவானவை. பி0299 என்றால் டர்போ காற்றழுத்தம் குறைவு. பி0087 என்றால் எரிபொருள் குழாயில் அழுத்தம் குறைவு. பி0300 என்றால் சிலிண்டர்களில் எரிப்பு தவறுகிறது. பி0700 என்றால் கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டுப் பகுதி ஒரு கோளாறைப் பதிவு செய்திருக்கிறது. பி0218 என்றால் கியர்பாக்ஸ் ஆயில் அளவுக்கு மீறிச் சூடேறியது. குறியீடு என்பது எங்கே தேட வேண்டும் என்று காட்டுமே தவிர, எந்தப் பாகம் பழுது என்று தீர்ப்புச் சொல்லாது. அதைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அழித்துவிடாதீர்கள். குறியீடு பதிவான கணத்தில் வேகம், சுழற்சி, வெப்பம் ஆகியவை எவ்வளவு இருந்தன என்பதையும் எஞ்சின் கணினி சேமித்துவைக்கிறது. குறியீட்டை அழித்தால் அந்தச் சான்றும் சேர்ந்து போய்விடும். தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் நல்லெண்ணத்தோடு அழித்துவிட்டு "இப்போ சரியாகிவிட்டது" என்று அனுப்புவார்கள். அழிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிவப்பு நிறத்தில் ஆயில் அழுத்த விளக்கு எரிந்தாலோ, வெப்பமானி சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ குறிப்பெடுக்கும் வேலை அங்கே முடிந்தது. பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் எஞ்சினும் போகும், வாரண்டியும் போகும். தொப்பூர்க் கணவாயில் பாரம் ஏற்றிய லாரிகள் இறங்கும் பக்கத்தில் வளைவில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வண்டி நகரும் நிலையில் இருந்தால் அகலமான ஓரத்துக்குக் கொண்டுபோன பிறகே நிறுத்துங்கள். நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியையும் நான்கு சக்கர இயக்க வண்டியையும் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். தட்டையான மேடையுள்ள மீட்பு வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.

சோதனை ஓட்டத்தை நீங்கள் தேர்ந்த சாலையில் நடத்துங்கள்

சர்வீஸ் சென்டர் ஊழியருடன் ஒரே வண்டியில் போய்க் கோளாறை நேரில் காட்டுவதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. இந்த வட்டாரத்தில் அதற்கு ஏற்ற சாலைகள் இருப்பது நமக்கு ஒரு வசதி. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதைவிடப் பல நூறு மீட்டர் தாழ்வு. அதனால் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் ஐம்பது கிலோமீட்டரும் எஞ்சினுக்கு நீண்ட, மெதுவான ஏற்றமாக அமைகிறது. இழுவைக் குறையும் சூடேறும் குறையும் அங்கே வெளிப்படும். குறைந்த வேகத்தில் கியர் மாறிக்கொண்டே இருக்கும் உதறலுக்கு வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளும் தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் மலைச்சாலையும் பொருத்தமானவை. நெரிசலில் மட்டும் வரும் கிளட்ச் சூட்டுக்கு மாலையில் ஓசூர்ப் பேருந்து நிலையச் சுற்றுப்புறமே போதும்.

ஊழியர் அவ்வளவு தூரம் வர மறுத்தால், மறுத்ததையே எழுதி வாங்க முயலுங்கள். முடியாவிட்டால் அன்றைக்கே ஒரு மின்னஞ்சலில் "இன்ன சாலையில் சோதனை ஓட்டம் கேட்டேன், மறுக்கப்பட்டது" என்று அனுப்பிவிடுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் வரும் சத்தம் என்றால், வண்டியை முந்தைய மாலையே விட்டுவிட்டு, மறுநாள் முதல் ஸ்டார்ட்டை நீங்கள் இருக்கும்போது செய்யும்படி கேளுங்கள். வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போனால் வழியிலேயே எஞ்சின் சூடேறி, சத்தம் மறைந்துவிடும்.

ஜாப் கார்டுதான் ஆவணம்

பின்னாளில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது, வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் ஜாப் கார்டு. அதில் வாடிக்கையாளர் சொன்ன புகார் என்ற பகுதி இருக்கும். சர்வீஸ் அட்வைசர் வழக்கமாக அங்கே "பொதுச் சோதனை" என்றோ "சத்தம்" என்றோ சுருக்கி எழுதுவார். உங்கள் குறிப்பேட்டில் உள்ள வாக்கியத்தையே அங்கே எழுதச் சொல்லுங்கள். இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதி, கையெழுத்தும் தேதியும் இட்டு, ஜாப் கார்டு எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். ஓடோமீட்டர் அளவு எழுதப்படாத, விவரம் நிரப்பப்படாத கார்டில் கையெழுத்திடாதீர்கள். இதில் கடுமையாக இருப்பதை யாரும் தவறாக எண்ண வேண்டியதில்லை. சண்டை போடாமல், மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் எழுதித் தருவார்கள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, கட்டணம் எதுவும் இல்லாவிட்டாலும் பூஜ்ஜியத் தொகைக்கான பில்லைக் கேட்டு வாங்குங்கள். என்ன பார்த்தார்கள், எந்தப் பாகம் மாற்றினார்கள், மென்பொருளைப் புதுப்பித்தார்களா என்பது அதில் இருக்க வேண்டும். ஸ்கேன் அறிக்கையின் அச்சுப்பிரதி தரமாட்டோம் என்றால் திரையையாவது படம் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். "குறை காணப்படவில்லை" என்ற முடிவையும் எழுத்தில் வாங்குங்கள். அதே புகாருக்காக மூன்றாம் முறையும் நான்காம் முறையும் போகும்போது, முன்பு குறை இல்லை என்று எழுதிக்கொடுத்த அந்தத் தாள்களே உங்களுக்குப் பெரிய பலமாக மாறும்.

வாரண்டி மறுக்கப்படும் வழிகள்

மறுப்புக்குச் சொல்லப்படும் காரணங்கள் அதிகம் இல்லை; சர்வீஸ் தவறியது, வெளியில் வயரிங் வெட்டிச் சேர்த்தது, எஞ்சின் மென்பொருளை மாற்றிப் பவர் கூட்டும் ரீமேப் செய்தது, தண்ணீர் புகுந்தது, எரிபொருள் கலப்படம் என்பவையே பெரும்பாலும் வரும். முதல் மூன்றும் உங்கள் கையில் இருப்பவை. வாரண்டி முடியும்வரை கூடுதல் விளக்குகளையும் ஹாரனையும் வயரை வெட்டிப் பொருத்துவதைத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் தேங்கிய தரைப்பாலத்தில் இறங்கி எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள்; சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது எஞ்சினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் சேதம் வாரண்டிக்குள் வராது. இன்சூரன்ஸிலும் எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை இருந்தால்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

கலப்படம் என்ற காரணத்தை மட்டும் எளிதில் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எரிபொருள் பில்களை வைத்திருங்கள். டேங்கிலிருந்து மாதிரி எடுப்பதை நீங்கள் இருக்கும்போதே செய்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கையின் நகலைத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ஆய்வக அறிக்கை இல்லாத கலப்படக் குற்றச்சாட்டு வெறும் கருத்துதான். பங்க்கில் சந்தேகம் வந்தால் அடர்த்திச் சோதனையும், பெட்ரோலுக்கு வடிதாள் சோதனையும் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

சர்வீஸ் சென்டருக்கு அப்பால்

ஒரே கோளாறுக்கு இரண்டு மூன்று முறை போயும் தீராவிட்டால், அட்வைசரிடம் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. உற்பத்தி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலும், அதே கடிதத்தை டீலருக்கும் நிறுவனத்துக்கும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேசிஸ் எண், எஞ்சின் எண், வாங்கிய தேதி, ஒவ்வொரு ஜாப் கார்டின் எண்ணும் ஓடோமீட்டர் அளவும், கோளாறு எப்படி வருகிறது என்ற விவரம், நீங்கள் கேட்கும் தீர்வு, பதிலுக்குப் பதினைந்து நாள் அவகாசம் ஆகியவை ஒரே பக்கத்தில் அடங்கட்டும். கோபத்தைக் கடிதத்தில் ஏற்றாதீர்கள். நிறுவனத்தின் தொழில்நுட்ப அலுவலர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். டீலர் மாற்ற அனுமதியில்லாத முழு எஞ்சின், முழு கியர்பாக்ஸ் போன்றவற்றுக்கு முடிவெடுப்பது அவர்கள்தான்.

உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்த குறையா, அந்த மாடலுக்கே உரிய குறையா என்பது பல பேர் புகாரைப் பதிவு செய்தால்தான் வெளிப்படும். அமெரிக்காவில் ஹூண்டாய், கியா நிறுவனங்களின் தீட்டா 2 எஞ்சினில், உற்பத்தியின்போது தங்கிய உலோகத் துகள்கள் ஆயில் ஓட்டத்தைத் தடுத்து கனெக்டிங் ராடு பேரிங்குகளைத் தேய்த்த விவகாரம் 2015இல் தொடங்கிய திரும்ப அழைப்புகளில் சோனாட்டா காரிலிருந்து சான்டா ஃபே, சொரென்டோ, ஸ்போர்ட்டேஜ் எஸ்.யூ.வி.கள் வரை நீண்டது. திரும்ப அழைப்பைக் காலந்தாழ்த்தியது குறித்து 2020 நவம்பரில் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்புடன் செய்துகொண்ட உடன்பாட்டில் இரு நிறுவனங்களுக்குமாக விதிக்கப்பட்ட அபராதம் 21 கோடி டாலர். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 6.2 லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட ஏறத்தாழ ஆறு லட்சம் எஸ்.யூ.வி.களையும் பிக்கப் வண்டிகளையும் அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. அதற்கு மூன்று மாதம் முன்பே உரிமையாளர்களின் புகார்களை வைத்து அரசு அமைப்பு விசாரணையைத் தொடங்கியிருந்தது.

இங்கேயும் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன; ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டியின் உரிமையாளர் மத்திய அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். ஓடும்போது எஞ்சின் நின்றுபோவது, கியர் தானாக விடுபடுவது போன்ற பாதுகாப்புக் குறைகளுக்கு இதைத் தவறாமல் செய்யுங்கள். நிறுவனத்தின் தளத்தில் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ஏற்கெனவே திரும்ப அழைப்பு ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். திரும்ப அழைப்பில் செய்யும் வேலைக்குக் கட்டணம் இல்லை.

இதற்கும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வண்டியை பெங்களூரிலோ சேலத்திலோ வாங்கியிருந்தாலும் தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரியிலேயே தாக்கல் செய்ய முடியும். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை 5 முதல் 10 லட்சம் என்றால் கட்டணம் 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சில் இந்தக் காலம் கரைந்துவிடும். கிரானைட் தொழிலுக்கோ மாம்பழ வியாபாரத்துக்கோ நிறுவனப் பெயரில் வாங்கிய வண்டி என்றால், அது வணிக நோக்கத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த ஒரு கேள்விக்காவது வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெற்றுவிடுங்கள்.

எதைக் கேட்பது என்பதில் நிதானம் தேவை. புது வண்டியே வேண்டும் என்று கேட்பவர்கள் பலர். மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான ஒரு வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி நிபந்தனை குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதைப் பற்றியே பேசும்போது முழு வண்டியையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்று கூறியது. ஆகவே எஞ்சின் அல்லது கியர்பாக்ஸ் முழுத் தொகுப்பை மாற்றுதல், அந்தப் பாகத்துக்குப் புதிய வாரண்டி, வண்டி நின்றிருந்த காலத்துக்கான இழப்பீடு என்று படிப்படியாகக் கேளுங்கள். வண்டியை மாற்றுவது அல்லது பணத்தைத் திருப்பித் தருவது என்பதை மாற்றுக் கோரிக்கையாகச் சேருங்கள். உற்பத்திக் குறை என்று வாதிடும்போது நிபுணர் கருத்து இல்லாமல் வழக்கு பலவீனமாகிவிடும். ஆய்வுக்கு அனுப்ப உத்தரவிடும் அதிகாரம் சட்டத்தின் 38ஆம் பிரிவில் ஆணையத்துக்கு உண்டு. அதற்கான செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கலாம். பர்கூர், செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரிகளின் இயந்திரவியல் துறை போன்ற, இரு தரப்பையும் சாராத இடத்திலிருந்து ஒருவரை நியமிக்கும்படி நீங்களே மனுவில் கேட்கலாம்.

எஞ்சின் தொகுப்பு மாற்றப்பட்டு வண்டி உங்கள் கைக்கு வந்தால், எஞ்சின் எண்ணும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் டீலரிடம் புதிய எஞ்சினுக்கான பில்லையும் மாற்றியதற்கான கடிதத்தையும் வாங்கி, வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தாமதமின்றி ஆர்.சி.யில் பதியச் செய்யுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியிலும் அதே எண்ணைத் திருத்தி வாங்குங்கள். அந்த இரண்டு ஆவணங்களும் பொருந்தாமல் இருந்தால், அடுத்த விபத்துக் கோரிக்கையின்போதும் வண்டியை விற்கும்போதும் தடை வரும்.